‘மறுகா?’: பலமான ஆளோடு ஆடிய ஒரு மாணவனின் நிகழ்வு ஆய்வு

2023 தொடக்கத்தில் என்னிடம் செஸ் பழகிக்கொண்டிருந்த ஒரு மாணவன், தன் பாடசாலைக்குள் ஒரு வருடமாக யாரிடமும் தோற்றதில்லை. தரம் 8, வீடு மட்டக்களப்பு கல்லடி. அந்த முறை வலய மட்டப் போட்டிக்குப் போனான். ஏழு சுற்றில் மூன்று தோல்வியோடு திரும்பி வந்தான். அதற்கு முந்தைய வருடமும் இதே ஏழு சுற்று, இதே மூன்று தோல்வி. நடுவில் ஒரு வருடம் முழுக்க வென்றிருக்கிறான், ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கிறான்.

இந்த ஆய்வு அந்தப் பிள்ளையைப் பற்றியது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் என்ன செய்தோம், நான் எங்கே பிழை விட்டேன், எது பலன் தந்தது என்பதையெல்லாம் என் கொப்பியிலிருந்தும் அவனுடைய ஸ்கோர் ஷீட்களிலிருந்தும் (நகர்வுகளை எழுதி வைக்கும் தாள்கள்) எடுத்து எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன். நான் கணித ஆசிரியர். வாரத்தில் இரண்டு பின்னேரம் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். என்னுடைய ஆட்டம் பெரிய ஆட்டமில்லை. அந்தப் பிள்ளை 2023 இலேயே என்னை இரண்டுக்கு ஒரு முறை வெல்லத் தொடங்கிவிட்டான். பிரச்சினையே அங்கேதான் தொடங்கியது.

வென்றே பழகியவன்

அவனுடைய பாடசாலை ஆட்டங்களில் நாற்பதின் ஸ்கோர் ஷீட் என்னிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்துப் பார்த்தேன். முப்பதுக்கு மேற்பட்டவை 25 நகர்வுக்குள் முடிந்திருந்தன. பல ஆட்டங்களில் இரண்டாம் நகர்விலேயே ராணி வெளியே வருகிறது. பிஷப்போடு சேர்ந்து எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயைக் குறி வைக்கிறது. நான்காம் நகர்வில் மேட், ராஜாவுக்குத் தப்ப வழியில்லாமல் ஆட்டம் முடிகிறது. அதைத் தடுக்கத் தெரிந்த பிள்ளைகளோடு இன்னொரு வழி வைத்திருந்தான். ஏதாவது ஒரு காயை மிரட்டி ஒரு நகர்வு வைப்பான். எதிராளி காணாவிட்டால் காய் கிடைக்கும், கண்டுவிட்டால் வேறொரு மிரட்டல். காணாதவர்களே அதிகம். அதனால் அது பலித்துக்கொண்டே இருந்தது.

பலமில்லாத எதிராளி நம்முடைய கெட்ட நகர்வுக்கும் பரிசு தருவார். இதுதான் அந்தப் பிள்ளையைப் பிடித்து வைத்திருந்தது. ராணியை அவசரப்பட்டு வெளியே எடுத்தால், ஆடத் தெரிந்த ஒருவர் அதை ஒரு சிப்பாயால் விரட்டுவார். ராணி இன்னொரு கட்டத்துக்குப் போய்த் திரும்பவும் மேட்டுக்கு மிரட்டினால், குதிரையை எடுத்து நடுவில் வைத்து மறைப்பார். அதற்குள் அவருடைய குதிரை இரண்டும் வேலைக்கு வந்திருக்கும், நம்முடைய ராணி மட்டும் அலைந்திருக்கும். தண்டனை கிடைத்தால்தான் அந்த நகர்வு கெட்டது என்று தெரியும். கல்லடியில் அவனுக்குத் தண்டனை கொடுக்க ஆள் இல்லை.

இன்னொன்றும் கண்டேன். அந்த நாற்பதில் எண்ட்கேம் என்கிற கடைசிக் கட்டம் வரை போனவை இரண்டே இரண்டு. ராஜாவும் கோட்டையும் இரண்டு மூன்று சிப்பாயும் மிஞ்சுகிற நிலை எப்படி இருக்கும் என்றே அவன் அனுபவித்ததில்லை. வலய மட்டத்தில் தோற்ற மூன்று ஆட்டத்தில் இரண்டு அந்த இடத்தில்தான் போயிருந்தன.

முதலில் நான் விட்ட பிழை

பலமானவர்களோடு ஆடினால்தான் முன்னேறலாம் என்பது எல்லோரும் சொல்வது. நானும் சொன்னேன். லிச்செஸ் என்கிற இணையச் செஸ் தளத்தில் அவனுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்து, “உன்னைவிட ரேட்டிங் 400, 500 கூட உள்ள ஆட்களாகப் பார்த்து ஆடு” என்றேன். உற்சாகப்படுத்த விஸ்வநாதன் ஆனந்தின் கதையையும் சொன்னேன். அவர் சிறுவனாகச் சென்னையில் தால் செஸ் கழகத்துக்குப் போய்ப் பெரியவர்களோடு விரைவு ஆட்டங்கள் ஆடித்தான் வளர்ந்தார். வென்றவர் கதிரையிலேயே இருப்பார், தோற்றவர் எழும்பி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

மூன்று மாதம் போனது. அவன் ஆட்டம் கெட்டது. முதல் மாதம் 15 நிமிட ஆட்டங்கள் ஆடினான், பிறகு 5 நிமிடம், பிறகு ஒரு நிமிடம். இரவில் ஃபோன் வெளிச்சத்தில் ஆடுகிறான் என்று தாயார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வகுப்புக்கு வந்தால் நகர்வு எழுத மறந்துபோகிறான். “நேற்று எத்தனை ஆட்டம்?” என்று கேட்டால் முப்பது என்றான். “ஒன்றைப் போட்டுக் காட்டு” என்றேன். ஒன்றும் ஞாபகமில்லை. அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் குத்தியது. அவனைப் பிழை சொல்ல இடமில்லை, அனுப்பியவன் நான்.

கணிதம் படிப்பிக்கிற எனக்கு இந்தக் கணக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். ஆட்டக்காரரின் பலத்தை எண்ணாகக் காட்டும் எலோ ரேட்டிங் முறையில் 200 புள்ளி கூடிய எதிராளியோடு ஆடினால் நாம் எதிர்பார்க்கக்கூடியது 100 ஆட்டத்தில் 24 புள்ளி. வித்தியாசம் 400 ஆனால் அது 8 ஆக இறங்கிவிடும். எட்டுப் புள்ளி என்பது நூறு ஆட்டத்தில் எட்டு வெற்றி, அல்லது பதினாறு சமநிலை. ஒரு பிள்ளை ஒரு வாரம் முழுக்க ஆடினாலும் ஒரு முறைகூட மூச்சு விட முடியாது. தோல்வி எங்கே தொடங்கியது என்பதும் தெரியாது. ஏனென்றால் அந்த ஆட்டத்தில் எல்லா நகர்வும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல்விதான்.

ஆனந்தின் கதையிலும் நான் ஒரு பாதியை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். தால் கழகத்தில் தோற்றவர் வரிசையில் நிற்கும்போது என்ன செய்வார்? அடுத்தவருடைய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தன்னை வென்ற அதே ஆள் இன்னொருவரை எப்படி மடக்குகிறார் என்று தெரியும், பக்கத்தில் நிற்பவர்கள் பேசுவதும் காதில் விழும். ஃபோனில் தோற்றால் ஒரு தொடுகையில் அடுத்த எதிராளி வந்துவிடுகிறார். வரிசையே இல்லை. யோசிக்கிற இடைவெளி அதோடு போய்விடுகிறது.

கல்முனைச் சனிக்கிழமைகள்

கல்முனைக்குப் பக்கத்தில், பாண்டிருப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். அரச உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இளமையில் கொழும்பில் வேலை செய்த காலத்தில் அங்கே பலமானவர்களோடு நிறைய ஆடியிருக்கிறார். லிச்செஸில் மாணவனைவிட 250 அளவில் கூட இருந்தார். நேரில் போய்க் கேட்டேன். “பிள்ளையை அனுப்புங்க சேர். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு ஆட்டம்தான்” என்றார்.

2023 ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் அவன் கல்முனை பஸ்ஸில் ஏறினான். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி தாண்டிப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். முதல் சில வாரம் நானும் கூடப் போனேன். ஒரு முப்பது நிமிட ஆட்டம், அதைப் பற்றிய பேச்சு, தேத்தண்ணி, இன்னொரு ஆட்டம், இன்னொரு பேச்சு. பேச்சு எப்போதும் ஆட்டத்தைவிட நீளமாக இருந்தது.

முதல் சனிக்கிழமை அவன் தன் வழக்கப்படி குதிரையால் ஒரு பிஷப்பை மிரட்டினான். ஐயா பிஷப்பை ஒரு கட்டம் பின்னுக்கு எடுத்தார். குதிரை நின்ற இடத்தில் மாட்டிக்கொண்டது. மூன்று நகர்வில் அதைச் சிப்பாய்களால் சுற்றி வளைத்து வெட்டினார். ஆட்டம் முடிந்த பிறகு அந்த இடத்துக்கே பலகையைத் திருப்பி வைத்து, குதிரையைத் தொட்டுக் கேட்டார்: “இதை இஞ்ச வச்சாய் மனே. நான் பிஷப்பை எடுத்தா, மறுகா?”

மட்டக்களப்புப் பக்கம் மறுகா என்றால் பிறகு. அந்த ஒரு சொல்லைத்தான் பெரியவர் பதினாறு மாதமும் கேட்டுக்கொண்டிருந்தார். நீ இதை வைத்தாய், நான் இதை வைத்தேன், மறுகா? அவன் ஒரு நகர்வு சொல்வான். அதற்கு அவர் ஒரு பதில் வைப்பார். மறுகா? மூன்று தடவை கேட்பதற்குள் பிள்ளைக்கே தெரிந்துவிடும் தன் திட்டம் எங்கே அறுந்தது என்று. ஒரு நாளும் அவர் “இது பிழை” என்று முதலில் சொன்னதில்லை. பாடசாலை ஆட்டங்களில் யாரும் இவனிடம் கேட்காத கேள்வி அது. அங்கே ஒரு நகர்வு வைத்தால் அதோடு சரி, எதிராளி காணமாட்டான் என்பதே திட்டம்.

எஞ்சினை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலை, திறக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. வீட்டுக்குப் போய் அடுத்த நாள் பார்க்கலாம், அதுவும் தான் எழுதி வைத்த காரணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும். இதை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன். எஞ்சின் ஒரு எண்ணைக் காட்டும், நல்ல நகர்வு எதுவென்று காட்டும். பிள்ளை என்ன நினைத்து அந்தக் கெட்ட நகர்வை வைத்தது என்று அதற்குத் தெரியாது. பெரியவர் கேட்டது அதைத்தான்.

ஆகஸ்ட் மாதம் நடந்த ஓர் ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐயாவிடம் ராஜா, கோட்டை, ராணிப் பக்கத்து பிஷப் சிப்பாய். அவனிடம் ராஜாவும் கோட்டையும். அவனுடைய ராஜா சிப்பாயின் வழியை மறித்து நிற்கிறது. சரியாக ஆடினால் சமநிலை. அவனோ பயந்துபோய்க் கோட்டையைத் தன் கடைசி வரிசைக்கே கொண்டுவந்து காவல் வைத்தான். ஐயா ராஜாவையும் சிப்பாயையும் ஒன்றாக மேலே நடத்திக்கொண்டு வந்து வென்றார்.

அதற்குரிய தற்காப்புக்கு 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோரின் பெயர். கோட்டையைத் தன் பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாம் வரிசையில் வைத்துக்கொண்டு, எதிராளியின் ராஜா அந்த வரிசைக்குள் வர விடாமல் காக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும், கோட்டையைப் பலகையின் மறு கோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். சிப்பாய் முன்னே போய்விட்டதால் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. இதைப் புத்தகத்திலிருந்து நான் அவனுக்கு ஏற்கெனவே காட்டியிருந்தேன். அன்று தலையாட்டினான், அவ்வளவுதான். தோற்று, மறுகா மறுகா என்று இரண்டு தடவை அதே இடத்துக்குத் திரும்பி, கடைசியில் தானே அந்த மூன்றாம் வரிசையைக் கண்டுபிடித்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒக்டோபரில் அதே நிலை வந்தது, சமநிலையாக்கினான்.

டிசம்பரில் இதற்கு மறுபக்கம். இந்தத் தடவை சிப்பாய் அவனுடையது, ஏழாம் வரிசையில் நிற்கிறது. அதற்கு முன்னால் அவனுடைய ராஜா அடைபட்டு நிற்கிறது. வெளியே வந்தால் ஐயாவின் கோட்டை செக் கொடுக்கிறது. திரும்பத் திரும்ப உள்ளேயும் வெளியேயும் போய் வெல்ல வேண்டிய ஆட்டத்தைச் சமநிலையில் விட்டான். தன் கோட்டையை நான்காம் வரிசைக்கு முதலே எடுத்து வைத்துவிட்டு ராஜாவை வெளியே நடத்தினால், கடைசிச் செக் வரும்போது கோட்டையைக் குறுக்கே வைத்து மறைக்கலாம். செஸ் ஆடுகிறவர்கள் இதைப் பாலம் கட்டுதல் என்பார்கள். தினமும் கல்லடிப் பாலத்தால் போய் வருகிற பிள்ளைக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துவிட்டது.

தோற்றாலும் கணக்கு ஓடும்

அந்த வருடக் கடைசியில் தாயார் என்னிடம் வந்தார். “ஒவ்வொரு கிழமையும் தோத்துட்டு வாறான் சேர். இப்படியே தோத்துக்கொண்டிருந்தா எப்படி முன்னேறுவான்? நாளைக்குக் கொழும்புல ரேட்டிங் போட்டிக்குப் போனா இருக்கிறதும் குறையாதா?” நியாயமான கேள்வி. பஸ் காசு கொடுப்பவர் அவர்.

காகிதத்தில் போட்டுக் காட்டினேன். உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதிப்படி, ரேட்டிங் 2300-க்குக் கீழே உள்ள 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ‘கே’ என்கிற எண் 40; எதிர்பார்த்த புள்ளிக்கும் எடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை அதால் பெருக்க வேண்டும். 1500 உள்ள பிள்ளை 1700 உள்ள ஒருவரிடம் தோற்றால் போவது 9.6 புள்ளி. சமநிலை செய்தால் 10.4 கூடும். வென்றால் 30.4 கூடும். நான்கு ஆட்டத்தில் மூன்றில் தோற்று ஒன்றில் வென்றாலே குறையாமல் நிற்கலாம். அதே பிள்ளை தன்னைவிட 200 குறைந்தவரோடு ஆடினால் கணக்கு தலைகீழ். வென்றால் 9.6 தான், ஒரு தடவை சறுக்கினால் 30.4 போய்விடும். தாயார் காகிதத்தை மடித்துக் கொண்டு போனார். அடுத்த சனியும் பிள்ளை பஸ் ஏறினான்.

அதே மருந்து, இன்னொரு பிள்ளை

என் வகுப்பில் அவனைவிட ஒரு தரம் கூடிய மாணவி ஒருத்தி இருக்கிறாள், ஆரையம்பதிப் பிள்ளை. நிதானமானவள், நகர்வு ஒவ்வொன்றையும் அழகாக எழுதுவாள். 2024 ஜனவரியில் அவளையும் தமையனோடு பாண்டிருப்புக்கு அனுப்பினேன். நான்கு ஆட்டம் ஆடினாள், நான்கிலும் தோல்வி. மூன்றாம் வாரம் போகமாட்டேன் என்றாள். தோற்கப் பயமா என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

“தோக்கிறது எனக்குப் பிரச்சினை இல்ல சேர். ஏன் தோத்தேன்னு எனக்குத் தெரியல்ல. ஐயா கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியல்ல. வெட்கமா இருக்கு.”

இந்த முழு ஆய்விலும் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் இந்தப் பிள்ளை சொன்னதுதான். மாணவனுக்கும் பெரியவருக்கும் இருந்த தூரம் 250 என்றால், அவளுக்கும் பெரியவருக்கும் 400-க்கு மேல். ஒரு பிள்ளைக்குச் சரியான பலம் இன்னொரு பிள்ளைக்குச் சுவர். அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: தோற்ற பிறகு பிள்ளை தானாக, அல்லது ஒரே ஒரு கேள்வியின் உதவியோடு, ஆட்டம் திரும்பிய இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடிந்தால் அந்த எதிராளி பொருத்தமானவர். தொடர்ந்து ஐந்தாறு ஆட்டத்தில் காட்ட முடியாவிட்டால் இப்போதைக்கு அவர் வேண்டாம். ரேட்டிங் வித்தியாசத்தை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

அவளுக்கு எதிராளியாக மாணவனையே வைத்தேன். உயர்தரம் படிக்கும் ஓர் அண்ணாவும் வந்து சேர்ந்தார். அவர் தனக்கு 10 நிமிடமும் அவளுக்கு 30 நிமிடமுமாகக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆடினார். தூரத்தைக் குறைக்க இது நல்ல வழி. காயைக் குறைத்துக்கொண்டு ஆடுவதைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் பலகை இயல்பான பலகையாகவே இருக்கும். நான்கு மாதத்தில் அவள் மாணவனை வெல்லத் தொடங்கினாள். பாண்டிருப்புக்குத் திரும்பவும் போகக் கேட்டதும் அவள்தான்.

எங்கள் ஊர்களில் எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர் கிடைக்கமாட்டார். லிச்செஸில் எதிராளியின் ரேட்டிங் எல்லையை நாமே வைக்கலாம். 100-இலிருந்து 250 வரை கூடியவர்கள் என்று வைத்து, ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம், முடிந்ததும் எதிராளியிடமே “எங்கே பிழைத்தேன்?” என்று எழுதிக் கேட்கச் சொல்கிறேன். சிலர் அன்பாகப் பதில் எழுதுகிறார்கள். பலத்தைக் குறைத்து வைத்த எஞ்சினோடு ஆடுவதை நான் ஊக்கப்படுத்துவதில்லை. அது பத்து நகர்வு பிரமாதமாக ஆடிவிட்டு, திடீரென்று மனிதர் யாரும் வைக்காத ஒரு நகர்வை வைத்துக் காயைக் கொடுத்துவிடும். அதில் படிக்க ஒன்றுமில்லை.

கொப்பியில் உள்ள கணக்கு

2024 ஒக்டோபர் வரை மாணவனும் பெரியவரும் ஆடியவை 61 ஆட்டம். மாரி மழை, பரீட்சை என்று பல சனிக்கிழமை போய்விட்டது. முதல் 20 ஆட்டத்தில் மாணவனுக்கு வெற்றியே இல்லை, இரண்டு சமநிலை. அடுத்த 21 இல் மூன்று வெற்றி, ஐந்து சமநிலை. கடைசி 20 இல் ஆறு வெற்றி, ஏழு சமநிலை, ஏழு தோல்வி.

பெரியவர்தான் தளர்ந்துவிட்டாரோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அதனால் அவருடைய லிச்செஸ் ரேட்டிங்கைப் பார்த்தேன். இரண்டு வருடமும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருந்தது. ஆக, நகர்ந்தது பிள்ளைதான்.

இந்த வளர்ச்சி முழுவதையும் சனிக்கிழமை ஆட்டங்களின் கணக்கில் போட எனக்கு மனம் வரவில்லை. உளவியல் ஆய்வாளர் நீல் சார்னஸும் அவருடைய குழுவினரும் செஸ் ஆட்டக்காரர்களின் பயிற்சியை ஆராய்ந்து 2005 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். போட்டிகளில் ஆடிய நேரத்தைவிட, தனியே உட்கார்ந்து ஊன்றிப் படித்த நேரம்தான் ஆட்டத் திறனோடு கூடுதலாக ஒத்துப்போனது என்று அது காட்டியது. மாணவனின் ஞாயிற்றுக்கிழமை அதற்குள் வரும். சனிக்கிழமை தோற்ற இரண்டு ஆட்டத்தையும் ஞாயிறு காலை தனியே போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று வரி எழுதுவான். பெரியவர் அந்த மூன்று வரியை வாசிக்காமல் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கமாட்டார். பலமான எதிராளி கொடுத்தது என்ன என்று கேட்டால், எதைப் படிப்பது என்பதைக் காட்டிக் கொடுத்தார் என்பேன். 2023 இல் நான் அவனுக்கு எண்ட்கேம் புத்தகம் கொடுத்தபோது ஏன் கொடுக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. இரண்டு தடவை அங்கே தோற்ற பிறகு அவனே கேட்டு வாங்கினான்.

மாறாததும் உண்டு. நேர நெருக்கடி அப்படியே இருக்கிறது. மறுகா என்று தனக்குள் கேட்கப் பழகியவன், கேட்கத் தேவையில்லாத இடத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறான். கடைசி ஏழு தோல்வியில் நான்கு, கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தபோது நடந்தவை. இதைப் பெரியவரோடு ஆடித் தீர்க்க முடியாது, ஏனென்றால் அவரும் மெதுவாக யோசிக்கிறவர்.

வலய மட்டத்தில் 2024 இல் ஏழு சுற்றுக்கு ஆறு புள்ளி எடுத்தான். ஒரே தோல்வி, அது மாகாண மட்டத்துக்கு அடிக்கடி போகிற ஓர் அண்ணாவிடம். ஆட்டம் முடிந்ததும் அவரிடமே போய், “அண்ணா, இந்த இடத்தில நான் கோட்டையை எடுத்திருந்தா, மறுகா?” என்று கேட்டுக்கொண்டு நின்றான். அடுத்த சுற்றுக்கு மணி அடித்தும் இரண்டு பேரும் பலகையை விடவில்லை.

ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை இரண்டு ஆட்டத்திலும் மாணவன் வென்றான். அன்று இரவு பெரியவர் எனக்கு ஃபோன் எடுத்தார். “சேர், இனி அவனுக்கு நான் காணாது. கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போங்க” என்றார். நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்து எல்லாம் தள்ளிப்போனது. இப்போது பள்ளிக்கூட விடுமுறையில் நடக்கும் ஒரு ரேட்டிங் போட்டிக்கு மாணவனையும் ஆரையம்பதிப் பிள்ளையையும் பதிந்திருக்கிறேன். இரண்டு தாய்மாரும் கூட வருகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலுக்கு ஐந்து டிக்கெட் எடுத்தாயிற்று. பெரியவர் தன்னுடைய பழைய கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பயணத்தில் பத்து நிமிட ஆட்டமாக ஆடிப் பழகச் சொன்னாராம்.